சுவாமிநாதனுக்குப் பள்ளியில் இடம் உண்டா?

பள்ளியை விட்டு இருமுறை ஓடிய சிறுவன் ஒருவன் இருக்கிறான். முதன்முறை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர் பிரம்பெடுத்தபோது ஓடினான். இரண்டாம் முறை போர்டு பள்ளித் தலைமையாசிரியரின் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு ஓடினான். அவன் பெயர் சுவாமிநாதன், ஊர் மால்குடி. அவனுக்கு உயிர் கொடுத்தவர் நம் மைசூரில் வாழ்ந்த தமிழர், ஆர். கே. நாராயண். அச்சிறுவன் இன்று மூன்றாம் முறையாகவும் பள்ளியை இழந்து நிற்கிறான். இம்முறை அவனாக ஓடவில்லை. பெரியவர்களாகிய நாம்தாம் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம்.

இவ்வாறு கூறுதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நகரத்துப் பள்ளி ஒன்று, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்குத் துணைப்பாடமாக வைக்கத்தக்க நூல் ஒன்றைக் கூறுமாறு நம்மைக் கேட்டது. சிறிதும் தயங்காமல் 'சுவாமியும் நண்பர்களும்' என்னும் புதினத்தைக் கூறினோம். சில நாள் கழித்து மறுப்பு வந்தது. ஆசிரியரை மதியாத சிறுவனைப் பற்றிய கதை, படிப்பினை ஏதும் இல்லை, சமயத்தைத் தொட்டுப் பேசும் பகுதி உள்ளது, இவையே காரணங்கள். பெற்றோர் சிலரும் அவ்வாறே கருதுவதாக அறிந்தோம். அப்பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. அதன் கருத்து ஒரு பள்ளியின் கருத்தன்று. நம்மில் பெரும்பாலோர் உள்ளத்தில் ஊறிக் கிடக்கும் கருத்து. ஆதலின் அதனை மறுத்துரைப்பது கடமையெனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

முதலில் நூலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நாராயண் 1906-இல் சென்னையில் பிறந்தவர்; புரசைவாக்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர்; அங்கு லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். பின்னர், தலைமையாசிரியராக இருந்த தந்தையாரிடம் மைசூருக்கு வந்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்று, அந்த ஓராண்டையும் கையில் அகப்பட்ட நூல்களையெல்லாம் படித்தே கழித்தார். மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னபட்டணத்து அரசுப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்று, சில நாளிலேயே அதனை உதறிவிட்டு வந்தார். 1930 செப்டம்பரில் பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியதே இப்புதினம். பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். ஆக்சுபோர்டில் இருந்த நண்பருக்கு, கையெழுத்துப் படியைக் கல்லைக் கட்டித் தேம்சு ஆற்றில் எறிந்துவிடும்படி நாராயண் எழுதிவிட்டார். நண்பரோ அதனைக் கிரகாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் சேர்ப்பித்தார். கிரீனின் முயற்சியால் 1935-இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. ஆற்றுக்குத் தப்பிய நூல் நம் துணைப்பாடக் குழுக்களுக்குத் தப்பவில்லை என்பதே வியப்பு!

இனி முதல் மறுப்பைக் காண்போம். ஆசிரியரை மதியாமையை இந்நூல் கற்பிக்கிறதாம். பிரம்பைப் பிடுங்கி எறிந்தவன் கதையில் வெற்றி பெறுகிறானா? இல்லையே! வீட்டுக்குச் செல்ல அஞ்சி, மெம்பிக் காட்டுச் சாலையில் இருளில் வழிதவறி, நிழல்களையெல்லாம் விலங்குகளாகவும் பேய்களாகவும் கண்டு நடுங்கி, உணர்விழந்து விழுகிறான். வண்டிக்காரன் ஒருவன் கண்டெடுத்ததால் உயிர் தப்புகிறான். எந்தக் கிரிக்கெட் ஆட்டத்தின் பொருட்டுப் பள்ளியோடு போராடினானோ அந்த ஆட்டத்தையே தவறவிடுகிறான். அதனால் உயிர் நண்பன் இராஜத்தின் நட்பையும் இழக்கிறான். இதனைப் படிக்கும் எந்தச் சிறுவன், 'நாமும் அவ்வாறு ஓடுவோம்' எனப் புறப்படுவான்? ஓடினால் என்ன நேரும் என்பதை அறிவுரையாகக் கேட்டவன் மறந்துவிடுவான். அந்த இருட்டில் சுவாமிநாதனோடு நடந்து பார்த்தவனோ மறவான்.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்துவிட்டது. நாராயண் கதையில் ஒரு சிறுவன் வெளியே எறிந்த பிரம்பை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பாராளுமன்றமும் வெளியே எறிந்தது. சட்டம் பிரம்பைக் கைவிட்ட பின்னும், அதன் மதிப்புக்கு இழுக்கு நேர்கிறதே என வருந்துவோரை என்னென்பது! ஆசிரியர்பால் மாணவர்க்கு மதிப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அச்சத்தால் விளைவது மதிப்பாகாது என்பதை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே அமர்ந்து பேசுதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு எங்கே கிட்டும்?

இரண்டாம் மறுப்பு, படிப்பினை இல்லை என்பது. இதற்குரிய விடையை நாராயணே நூலுக்குள் எழுதி வைத்துள்ளார். ஆண்டுத் தேர்வில் சுவாமிநாதனுக்கு ஒரு வினா வருகிறது. குளக்கரையில் பொன் வளையலைக் காட்டி அந்தணனை ஏமாற்றித் தின்ற புலியின் கதையால் பெறப்படும் நீதி யாது என்பது அவ்வினா. அக்கதையில் நீதி ஒன்று இருப்பதாகவே அவன் அதுவரை எண்ணியதில்லை. வினாத்தாள் கேட்பதால் இருந்தாக வேண்டும் எனக் கொள்கிறான். புலி தரும் வளையலை வாங்கலாகாது என்பதா, வளையல் மீது கொண்ட ஆசை உயிரைப் போக்கும் என்பதா என்று சிறிது நேரம் சிந்தித்து, பின்னதை ஒரே வரியில் எழுதிவிட்டு வெளியேறுகிறான். நண்பர்களோ அதே வினாவுக்கு இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அத்தேர்வு எந்தப் பாடத்துக்குரியது? தமிழ்ப் பாடத்துக்குரியது! தமிழ் கற்பிப்போராகிய நம் முகத்துக்கு நேரே பிடிக்கப்பட்ட கண்ணாடி அது. கதையைச் சொல்லி முடித்த மறுகணமே, 'இதனால் அறியப்படும் நீதி யாது?' எனக் கேட்டுக் கேட்டு, கதை என்றாலே அதன் அடியில் ஒரு பூட்டு தொங்கும் என்று குழந்தைகளை நம்பச் செய்தவர் நாமே அல்லமோ?

அறம் இல்லாத நூலா இது? பாட்டிக்கு வயிற்று வலி. ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வா என்கிறாள். ஆட்டத்துக்கு விரையும் சுவாமிநாதன் மறுத்துவிட்டுப் போய்விடுகிறான். ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டி இறந்துவிட்டிருந்தால் என்னாவது என்ற எண்ணம் அவனைச் சுடுகிறது. 'முதியோரைப் பேணுக' என நூறு முறை எழுதச் செய்தாலும் இவ்வெலுமிச்சம்பழம் செய்யும் வேலையை அது செய்யுமா? பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நல்லது எது, தீயது எது என்பது தெரியும். தெரிந்தும் ஏன் தவறுகிறோம் என்பதே அதற்குப் புரியாத புதிர். நீதிநூல் முன்னதைக் கூறும். நல்ல புதினம் பின்னதைக் காட்டும். இரண்டும் வேண்டும் என்போம். ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்பாரோடு உடன்படோம்.

மூன்றாவது, சமயம் பற்றியது. மிஷன் பள்ளியின் வேதபாட ஆசிரியர் கண்ணனை இழித்துப் பேசுகிறார். சுவாமிநாதன் சினந்து, அவர் வழிபடும் ஏசுவைப் பற்றிக் குத்தலாகக் கேட்கிறான். காது முறுக்கப்படுகிறது. பிறர் நம்பிக்கையை இழித்துரைப்பது எவ்வாறு தொடங்குகிறது, இழிக்கப்பட்டவன் எவ்வாறு திருப்பி இழிக்கிறான் என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் இப்பகுதியையா மறைக்க வேண்டும்? அச்செய்தியை அறிந்த தந்தை வசை பாடவில்லை, ஊரைக் கூட்டவில்லை, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதே வகுப்பில் 'பட்டாணி' எனச் செல்லப்பெயர் பெற்ற சாமுவேல் என்னும் சிறுவனும் இருக்கிறான். அவனுக்கும் சுவாமிநாதனுக்கும் இடையே உள்ள உறவு சிரிப்பு ஒன்றே. பெரியவர் ஒருவர் சுவரெழுப்பும் அறையிலேயே, சிறுவர் இருவர் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கின்றனர். பல சமயத்துக் குழந்தைகள் ஒரே பெஞ்சில் அமரும் மைசூர் வகுப்பறைக்கு இதைக் காட்டிலும் ஏற்ற பாடம் யாதென அறியோம்.

அரசியல் பகுதியும் அத்தகையதே. 1930 ஆகஸ்டு 15 அன்று அந்நியத் துணி எரிப்பைக் காணும் சுவாமிநாதன், ஆர்வ மேலீட்டால் தன் தொப்பியைத் தீயில் எறிகிறான். மறுநாள் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளியின் கண்ணாடிச் சன்னல்களை உடைக்கிறான். அவன் எரித்தது கதர்த் தொப்பி என்பது பின்னரே தந்தையால் தெரிய வருகிறது. கூட்டத்தின் வெறி சிறுவனை எவ்வாறு இழுத்துச் செல்லும் என்பதையும், விடுதலை வேட்கை பொய்யன்று என்பதையும் ஒருசேர உணர்த்தும் அப்பகுதி வரலாற்றுப் பாடத்துக்கும் உயிரூட்ட வல்லது.

நிற்க. 'ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலுக்குத் தமிழ்ச் சங்க மலரில் வாதாடுவானேன்?' என வினாவுவோர் இருப்பர். யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த இல்லம் 2011-இல் இடிபடத் தொடங்கியபோது அதனைக் காக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. தமிழர், அதுவும் ஆங்கிலத்தில் எழுதியவர், அவருக்கு அரசுப் பணத்தில் நினைவிடமா என்று கன்னட எழுத்தாளர் சிலர் எதிர்த்தனர். தமிழரோ, ஆங்கில எழுத்தாளர்தாமே என வாளாவிருந்தவர் பலர். இறுதியில் அவ்வீடு 2016-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. சிவமொக்கா மாவட்டத்து அரசாளு இரயில் நிலையத்தில் 2020-இல் மால்குடி அருங்காட்சியகம் அமைந்தது. கட்டடங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. சிறுவனுக்கு வகுப்பறையில் ஓர் இருக்கை கிடைக்கவில்லை.

சுவாமிநாதன் வீட்டில் என்ன மொழி பேசினான்? பாட்டியின் கதைகள் ஆங்கிலத்திலா சொல்லப்பட்டன? அவ்வீட்டின் பேச்சு தமிழ்ப் பேச்சு; ஆங்கிலம் அதன் மேலாடை. நம் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்பவர். அவர்களில் பலர்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மொழியாகவே நின்றுவிட்டது. அவர்களிடம் இந்நூலைக் கொடுத்து, 'பாட்டியும் பேரனும் பேசும் இப்பகுதியை உன் பாட்டி பேசும் தமிழில் சொல்' எனக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு வகுப்பில் நாம் இதனைச் செய்து கண்டோம். தமிழில் ஒரு பத்தி எழுதக் கூசிய ஏழாம் வகுப்புச் சிறுமி, தன் பாட்டியின் சேலத்துத் தமிழில் அப்பகுதி முழுவதையும் நடித்தே காட்டினாள். இலக்கணத்தால் திறவாத கதவு அன்று திறந்தது.

வழக்குரைஞர்போல் நம் பக்கத்தை மட்டும் பேசிச் செல்வது முறையன்று. இந்நூலுக்கு எதிராகக் கூறத்தக்க வலிய மறுப்பு ஒன்று உண்டு. மேற்கூறிய பள்ளி அதனைக் கூறவில்லை. சுவாமிநாதனின் உலகம் சிறியது. வழக்குரைஞர் மகன், காவல்துறை அதிகாரியின் மகன் எனப் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டு ஆண்பிள்ளைகளின் உலகம் அது. பெண்பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை எனலாம். வண்டியோட்டி வரும் கருப்பன் என்னும் நாட்டுப்புறச் சிறுவனை, அரசாங்க ஆட்கள் போல நடித்து இராஜமும் மணியும் சுவாமிநாதனும் மிரட்டும் காட்சி நகைச்சுவையாகவே எழுதப்பட்டுள்ளது. படிக்கும் குழந்தையும் சிரித்துவிடும்.

இதன்பொருட்டு நூலை விலக்க வேண்டுமா? வேண்டா என்பதே எம் துணிபு. சிரித்து முடித்த பின், 'இதே கதையைக் கருப்பன் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் எப்படிச் சொல்வான்?' என ஆசிரியர் ஒரு வினா எழுப்பினால் போதும். சுவாமிநாதனிடம் காசு பறித்த குதிரைவண்டிக்காரன் மகனைப் பற்றியும் அவ்வாறே கேட்கலாம். வகுப்பில் கருப்பனின் வழிவந்த குழந்தைகளும் இருப்பர். அவர்கள் வாய் திறக்கும் நேரம் அது. மேலும், இந்நூல் ஒன்றே போதும் என நாம் கூறவில்லை. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இதன் பக்கத்தில் இருக்கட்டும். இன்னும் சற்று வளர்ந்த பின், பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவனின் வாழ்வைக் கூறும் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும் கைக்கு வரட்டும். ஒரு சன்னலின் வழியே உலகம் முழுவதும் தெரியாது என்பதற்காக அச்சன்னலை அடைப்பது அறிவுடைமையாகாது. அடுத்த சன்னலையும் திறப்பதே முறை.

வயது பற்றியும் ஐயம் கிளப்புவர். சுவாமிநாதன் படிப்பது முதல் பாரம். முதல் பாரம் என்பது இன்றைய ஆறாம் வகுப்பு. நட்பு முறிவதும், கூட்டத்தால் ஒதுக்கப்படுவதும், தந்தை முன் நாக்குழறுவதும் அவ்வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் படும் பாடு. இராஜத்தின் 'வால்' என்று பழைய நண்பர்கள் ஏளனம் செய்து சுவாமிநாதனை விலக்கி வைக்கும் பகுதியைப் படித்துக் காட்டியபோது நம் ஞாயிறு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை, தலைகுனிந்திருந்தனர். பெற்றோரிடம் சொல்ல இயலாத ஒன்றை, நூலொன்று தமக்கு முன்பே அறிந்து வைத்திருக்கக் கண்ட குழந்தைகளின் மௌனம் அது. இதைத்தான் தகாத பாடம் என்கிறோமா?

ஆனால், நூலைப் பாடமாக வைத்து அதனைக் கொன்றுவிடுதலும் எளிது. ஆதலின் கற்பிக்கும் முறை பற்றியும் சில கூறுவோம். முதலாவது, முழு நூலையும் படிக்க வேண்டும். தனித்தனியே வெட்டி எடுத்த பகுதிகளால் சுவாமிநாதன் வளர்வதைக் காண இயலாது. ஏறக்குறைய இருபது சிறு அத்தியாயங்களே உள்ளமையால், வாரத்துக்கு இரண்டு எனக் கொண்டாலும் ஒரு பருவத்துக்குள் முடியும். இரண்டாவது, ஆசிரியர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். குஜராத்தின் கிஜூபாய் பதேகா தம் 'பகற்கனவு' நூலில் வரும் ஆசிரியரைக் கதை சொல்லியே வகுப்பைத் தொடங்கச் செய்தார். அதனை நம் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் மேற்கோளாகக் காட்டுகின்றன, கைக்கொள்வதில்லை. மூன்றாவது, விடைக்குறிப்பு நூல் வேண்டா, மதிப்பெண் வேண்டா. பத்து மாம்பழக் கணக்கைத் தந்தை கேட்டபோது, பழம் கனிந்ததா காயா என்று தெரியாமல் விலையை எப்படிச் சொல்வது எனத் திகைத்தவன் சுவாமிநாதன். அவன் கதைக்கே 'கோடிட்ட இடத்தை நிரப்புக' எனத் தேர்வு வைப்பதினும் பெரிய கொடுமை இல்லை.

நான்காவது, முடிவை முடிவாக விட்டுவிட வேண்டும். தந்தைக்கு மாற்றலாகி ஊரை விட்டுச் செல்லும் இராஜத்துக்கு, விடியற்காலையில் நிலையத்துக்கு ஓடிச் சென்று, ஆண்டர்சனின் கதைநூல் ஒன்றைச் சுவாமிநாதன் கொடுக்கிறான். வண்டி நகர்கிறது. இராஜம் மன்னித்தானா? மடல் எழுதுவானா? நண்பன் மணியின் முகத்தைப் பார்க்கிறான். அம்முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதை அவ்வளவே. இங்கு விடையை எழுதிப் போடும் ஆசிரியர், குழந்தை வாழ்வில் முதன்முதலாகக் கேட்ட உண்மையான வினாவைப் பறித்தவர் ஆவார்.

1989-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த நாராயண், அவையில் எழுந்து பேசியது இலக்கியத்தைப் பற்றியன்று. பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் பையைப் பற்றி. அப்பேச்சின் எதிரொலியாக யஷ்பால் தலைமையில் 1992-இல் குழு அமைந்து, 'சுமையற்ற கற்றல்' என்னும் அறிக்கையை 1993-இல் அளித்தது. பையின் எடையைக் கிலோக் கணக்கில் நிறுத்தி ஆணைகள் பிறந்தன. ஆயின் சுமை என்பது எடை மட்டுமோ? தனக்குச் சிறிதும் தொடர்பில்லாத சொற்களை நாள் முழுவதும் மனத்தில் தாங்கித் திரிவதே பெருஞ்சுமை. அப்பையில் குழந்தை தானே விரும்பி எடுத்து வைத்துக்கொள்ளும் நூல் ஒன்றாவது இருத்தல் வேண்டும். அந்நூல் அப்பையைக் கனமாக்காது.

பள்ளிகள் இசையும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மனப்பாடப் போட்டி நடத்தி, ஒப்புவிக்கும் குழந்தைக்கு எவர்சில்வர் தட்டு வழங்கி மகிழும் சங்கம் நம் சங்கம். அதனை நிறுத்துக என நாம் கூறோம். வரும் ஆண்டு முதல் அதனோடு ஒரு புதினத்தை முழுமையாகப் படித்து, தமிழில் கூடியிருந்து பேசும் ஒரு பருவ வகுப்பையும் சங்கமே தொடங்கட்டும். வகுப்பின் இறுதி நாளன்று யாதவகிரி இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். அங்கு அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு நம்மிடம் விடை இராமற் போகலாம். போகட்டும்; வினா எழுப்பத் தெரிந்த பிள்ளைகளை நாம் வளர்த்தோம் என்ற நிறைவே நமக்குப் போதும்.

இருமுறை ஓடியவனை மீண்டும் அழைத்துவந்து அமர்த்துவது பெரியோர் கடமை. வாயிலைத் திறப்போம், சுவாமிநாதன் உள்ளே வரட்டும்.